அருங்காட்சியகங்களின் கதை: சீட்டு இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை

1784-ஆம் ஆண்டு. பர்மிங்காமிலிருந்து லண்டன் வந்த புத்தக வியாபாரி வில்லியம் ஹட்டனுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அனுமதிச் சீட்டு இலவசம்தான். ஆனால் பெயர், விலாசம், அந்தஸ்து எல்லாம் எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு அவ்வளவு அவகாசம் ஏது? ஏறக்குறைய 2 ஷில்லிங் கொடுத்து வேறொருவரிடம் சீட்டை வாங்கினார். உள்ளே போனால், வழிகாட்டி எதையும் நின்று பார்க்க விடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த ஏமாற்றத்தைத் தம் பயண நூலில் எழுதிவைத்தார் ஹட்டன்.

இத்தனைக்கும் அது பொதுச் சொத்து. மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் சேர்த்த 71,000-க்கும் அதிகமான பொருள்களை, 1753-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நாட்டுக்காக ஏற்றது. அவருடைய வாரிசுகளுக்குத் தந்த 20,000 பவுண்டு, மக்களிடம் லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டியது. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பங்கு, ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வியர்வையிலிருந்து வந்தது. ஆனாலும் 1759 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட மாளிகைக்குள் சாமானியர்கள் எளிதில் நுழைய முடியவில்லை.

1810-இல் சீட்டு முறை ஒழிந்தது. வாரம் 3 நாள், கண்ணியமான தோற்றம் உள்ள எவரும் வரலாம் என்றார்கள். அப்போதும் உழைப்பாளிகளுக்கு ஓய்வு கிடைக்கும் பண்டிகை நாள்களில் கதவு மூடியே இருந்தது. கூட்டம் வந்தால் பொருள்கள் பாழாகும், மேன்மக்கள் வரமாட்டார்கள் என்று நிர்வாகம் அஞ்சியது. நாடாளுமன்றக் குழு கேள்விமேல் கேள்வி கேட்ட பிறகே, 1837 ஈஸ்டர் திங்களன்று கதவைத் திறந்தார்கள். அந்த ஒரே நாளில் 20,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஒரு பொருளுக்கும் சேதமில்லை!

ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1974-இல் அரசு நுழைவுக் கட்டணம் விதித்தபோது எதிர்ப்பு கிளம்பியது; ஆட்சி மாறியதும் சில மாதங்களிலேயே அதை நீக்கினார்கள்.

ஓர் அருங்காட்சியகத்தின் பெருமையை அதிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் அளக்கக் கூடாது. வாரம் முழுக்க உழைத்த ஒருவர் கைக்காசு செலவில்லாமல், யாரும் விரட்டாமல், நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறதா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 1753-இல் சட்டம் கொடுத்த உரிமை மக்கள் கைக்கு முழுமையாக வர, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பாரிஸில் இது வேறு விதமாக நடந்தது. அரசருக்குச் சொந்தமான ஓவியங்கள் 1793-இல் குடிமக்களின் சொத்தாக மாறிய லூவர் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)