பவானி ஜமக்காளம்

பவானி ஜமக்காளம் என்பது ஈரோடு மாவட்டம் பவானியிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் கைத்தறியில் நெய்யப்படும் தடித்த விரிப்பு ஆகும். பேச்சு வழக்கில் இதைச் சமுக்காளம் என்றும் கூறுவர். கல்யாண வீடு, ஊர்க்கூட்டம், கச்சேரி எனப் பலர் சேர்ந்து அமரும் இடங்களில் இது விரிக்கப்படுகிறது. அப்பட்டமான பொய்யை ‘ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்’ என்பது தமிழ் வழக்கு.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய ஆலைத் துணிகள் இந்தியச் சந்தையில் மலிவாகக் குவிந்தன. கைத்தறிச் சேலைகளும் பிற துணிகளும் அவற்றோடு போட்டியிட முடியவில்லை. பவானியில் ஜங்கமர் என்னும் நெசவாளர் சமூகத்தார், சாயமேற்றிய முரட்டு நூலைக் கொண்டு விரிப்புகளை நெய்யத் தொடங்கினர். இதற்குக் கிடைத்த வரவேற்பால், அங்கு முன்பு நடந்துவந்த சேலை நெசவு பின்தள்ளப்பட்டு, ஜமக்காளமே ஊரின் அடையாளமானது.

அமைப்பு

காஷ்மீர் போன்ற மலைப்பகுதிகளின் கம்பளங்களில் பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, நுனிகளை வெட்டிச் சீராக்குவர். அதனால் அவற்றின் மேற்பரப்பு மயிரடர்ந்து மெத்தென்றிருக்கும். ஜமக்காளத்தில் முடிச்சு இல்லை. இது பாவும் ஊடையும் மாறிமாறிக் கோக்கும் எளிய நெசவு. தடித்த ஊடை நூலை நெருக்கி அடிப்பதால் பாவு உள்ளே மறைந்துவிடுகிறது. ஊடையின் நிறத்தை மாற்றும்போது பட்டைகள் உருவாகின்றன. முடிச்சோ மயிரோ இல்லாததால் இதை எளிதில் சுருட்டி எடுத்துச் செல்லலாம்.

அகலமான ஜமக்காளத்தை ஒருவர் தனியாக நெய்வது கடினம். இரு நெசவாளர்கள் தறியில் அருகருகே அமர்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவர். பருத்தி நூலில் நெய்யும் பட்டை ஜமக்காளம், செயற்கைப் பட்டு நூலில் கரை வேலைப்பாடுகளுடன் நெய்யும் ஜமக்காளம் என இதில் இரு வகைகள் உண்டு.

சட்டப் பாதுகாப்பு

கைத்தறிக்கு மட்டுமே உரிய பொருள்களை ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. ஒதுக்கப்பட்ட பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. விசைத்தறியாளர்கள் இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005–06ஆம் ஆண்டில் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதன்படி, வேறிடங்களில் நெய்த விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்று விற்க முடியாது.

இன்றைய நிலை

இத்தனை பாதுகாப்பு இருந்தும், விசைத்தறி விரிப்புகள் பவானியின் பெயரிலேயே குறைந்த விலைக்கு விற்கப்படுவதாக நெசவாளர்கள் முறையிட்டு வருகின்றனர். அகலமான கைத்தறி ஜமக்காளத்தின் விலையில் இருவரின் கூலி அடங்கியுள்ளது. விசைத்தறிக்கு அச்செலவு இல்லை. போதிய கூலி கிடைக்காத குடும்பங்களின் இளைய தலைமுறை வேறு வேலைகளுக்குச் செல்கிறது. ஆலைத் துணியின் நெருக்கடியில் பிறந்த இந்நெசவு, இன்று மீண்டும் இயந்திரத்தின் விலையோடு போராடுகிறது. சட்டம் பெயரையும் பொருளையும் காக்கிறது. தறியில் இருவர் தொடர்ந்து அமர்வது அவர்களுக்குக் கிடைக்கும் கூலியைப் பொறுத்தது.