பேட்மேன் கொலை செய்வாரா? ஒரே சூப்பர்ஹீரோவை எழுத்தாளர்கள் மாற்றி மாற்றி எழுதுவது எப்படி?

பேட்மேன் காமிக்ஸை ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்களுக்கும் அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கும். ஒன்று, சின்ன வயதில் கண் முன்னாலேயே அப்பா, அம்மாவைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு, அதனாலேயே அவர் துப்பாக்கியைத் தொட மாட்டார், யாரையும் கொல்ல மாட்டார். எத்தனையோ உயிர்களை எடுத்த ஜோக்கரைக்கூட அடித்துப் பிடித்து ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவாரே தவிர, தீர்த்துக் கட்ட மாட்டார்.

ஆனா, பேட்மேன் பிறந்தபோது இந்த விதி கிடையாது. அது பிறகு வந்தது. அதுவும் கதைக்குள்ளிருந்து வரவில்லை, எடிட்டர் மேஜையிலிருந்து வந்தது. அதன் பின் வந்த ஒவ்வொரு எழுத்தாளரும் 'ஏன் கொல்ல மாட்டார்?' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் எழுதினார்கள். இன்று நாம் பேட்மேனின் குணம் என்று நினைப்பதில் பெரும்பகுதி அந்தப் பதில்கள்தான்.

விதி எப்போது வந்தது?

1939 மே மாதத் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ம் இதழில் பேட்மேன் அறிமுகமானார். ஓவியர் பாப் கேன், எழுத்தாளர் பில் ஃபிங்கர். அந்த முதல் கதையிலேயே வில்லன் பேட்மேனிடம் குத்து வாங்கி அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான். பேட்மேனுக்கு அதில் துளி வருத்தம் இல்லை. பெற்றோர் கொலையான கதை ஆறு மாதம் கழித்து, 33-ம் இதழில், இரண்டே பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகும் துப்பாக்கி அவரை விட்டுப் போகவில்லை. 1940-ல் 'பேட்மேன்' தனி இதழாக வந்தபோது, முதல் இதழிலேயே விமானத்தில் பொருத்திய மெஷின் கன்னால் லாரியில் போகிறவர்களைச் சுடுகிறார்.

அதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார் எடிட்டர் விட்னி எல்ஸ்வொர்த். வாசகர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். இனி துப்பாக்கியும் வேண்டாம், கொலையும் வேண்டாம் என்பது அவர் முடிவு. அலுவலகத்தில் போட்ட விதி, அவ்வளவுதான். 'பெற்றோரைக் கொன்ற ஆயுதத்தை அவர் வெறுக்கிறார்' என்ற உளவியல் காரணம் பிற்பாடு அதன் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

பல ஆண்டுகளுக்கு இந்த விதியால் யாருக்கும் சிக்கல் வரவில்லை. 1954-ல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்களே ஒரு தணிக்கை நெறிமுறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் புத்தகம் எழுதிய நேரம் அது. ஜோக்கர் வெறும் குறும்புக்காரனாகிவிட்டான். பேட்மேன் வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போட்டார். வில்லன் யாரையும் கொல்லாதபோது, ஹீரோ ஏன் கொல்லவில்லை என்று யார் கேட்கப் போகிறார்கள்?

1970-களில் எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் பேட்மேனை மறுபடி இருட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1973-ல் இவர்கள் எழுதிய கதையில் ஜோக்கர் திரும்பவும் கொலைகாரன் ஆனான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஜோக்கரை ஏன் விட்டு வைக்கிறார்?

1986-ல் ஃப்ராங்க் மில்லர் எழுதி வரைந்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டது. அதில் பேட்மேனுக்கு 55 வயது. ஓய்வை முடித்துக்கொண்டு திரும்பி வருகிறார். ஜோக்கரும் திரும்பி வந்து கொத்துக் கொத்தாகக் கொல்கிறான். இவன் எடுத்த உயிர்களுக்கெல்லாம் இவனை உயிரோடு விட்ட தானும் பொறுப்புதான் என்று உணரும் பேட்மேன், கடைசியில் அவன் கழுத்தைப் பிடிக்கிறார். ஆனால் பாதியில் கை நின்றுவிடுகிறது. ஜோக்கர் என்ன செய்கிறான் தெரியுமா? மிச்சத்தைத் தானே திருகிக்கொண்டு சிரித்தபடியே சாகிறான். ஊர், பேட்மேன்தான் கொன்றார் என்று நம்புகிறது. மில்லரைப் பொறுத்தவரை விதி ஒரு பெருமை இல்லை, ஒரு இயலாமை.

1988-ல் ஆலன் மூர் எழுத, பிரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' இன்னொரு பக்கம் போனது. இதில் ஜோக்கர், கமிஷனர் கோர்டனின் மகளும் முன்னாள் பேட்கேர்ளுமான பார்பராவைச் சுடுகிறான். முடிவில் பேட்மேனும் ஜோக்கரும் மழையில் நின்று ஒரு ஜோக்குக்குச் சேர்ந்து சிரிக்கிறார்கள். பேட்மேனின் கை அவனை நோக்கி நீளுகிறது, பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. கொன்றாரா, தோளைத்தான் பிடித்தாரா? வாசகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனா, அந்தக் கதையில் அதைவிடப் பெரிய பிரச்சினை பார்பரா. இரண்டு ஆண்களின் மோதலுக்காக ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கதை நகர்ந்துவிட்டது. மூரே பின்னாளில் அந்தப் புத்தகத்தைப் பற்றி அதிருப்தியோடுதான் பேசியிருக்கிறார். இதற்குப் பதில் சொன்னவர்கள் எழுத்தாளர் தம்பதி ஜான் ஆஸ்ட்ரண்டரும் கிம் யேலும். அவர்கள் மூரின் கதையை அழிக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பார்பராவையே 1989-ல் 'ஆரக்கிள்' என்ற பெயரில், கணினி வழியாகப் பல ஹீரோக்களுக்குத் தகவல் தரும் ஆளாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த பாத்திரம் அது. 2011-ல் டிசி நிறுவனம் அவரை மறுபடி நடக்க வைத்து பேட்கேர்ள் ஆக்கியபோது, மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் தங்களுடைய ஹீரோவைப் பறித்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார்கள். அது நியாயமான வருத்தம்தான்.

72 ஓட்டில் போன உயிர்

அதே 1988-ல் நடந்த இன்னொன்று காமிக்ஸ் வரலாற்றிலேயே விசித்திரமானது. ஜிம் ஸ்டார்லின் எழுதிய கதையில் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் ஜோக்கரிடம் மாட்டிக்கொள்கிறான். பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று வாசகர்கள் போன் செய்து ஓட்டுப் போடலாம் என்று டிசி அறிவித்தது. சாகட்டும் என்று 5,343 ஓட்டு, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு சிறுவன் செத்தான்.

சுமார் 17 ஆண்டுகள் கழித்து எழுத்தாளர் ஜட் வினிக் அதே ஜேசனை உயிரோடு திருப்பி அனுப்பினார். வளர்ந்து, ஆயுதத்தோடு வந்து நிற்கும் அவன் பேட்மேனிடம் கேட்பது ஒன்றுதான்: என்னைக் கொன்றவனை ஏன் இன்னும் விட்டு வைத்திருக்கிறீர்கள்? கொல்வது கஷ்டம் என்பதால் இல்லை, ரொம்ப எளிது என்பதால்தான் என்கிறார் பேட்மேன். ஒருமுறை அந்த இடத்துக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பது அவர் பயம். எல்ஸ்வொர்த் போட்ட விதிக்கு இதைவிட நல்ல காரணத்தை யாரும் எழுதியதில்லை என்றே சொல்லலாம்.

அடுத்து வந்த கிராண்ட் மாரிசன் வழி தனி. 1939 முதல் வந்த எல்லாக் கதைகளும், 1950-களின் வேற்றுக்கிரகக் கூத்து உட்பட, ஒரே மனிதன் வாழ்க்கையில் நடந்தவைதான் என்று வைத்துக்கொண்டு எழுதினார் அவர். துப்பாக்கி விஷயத்தையும் விடவில்லை. 'ஃபைனல் க்ரைசிஸ்' தொடரில், 2009-ல் வந்த இதழ் ஒன்றில், தீமையின் கடவுளான டார்க்சைடை பேட்மேன் துப்பாக்கியால் சுடுகிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு விதிவிலக்கு என்று சொல்லிக்கொண்டே.

இதை யார் முடிவு செய்கிறார்கள்?

பேட்மேன் டிசியின் சொத்து. எழுத்தாளர்கள் குடியிருக்க வருபவர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் இல்லை. என்ன செய்யலாம், கூடாது என்பதில் கடைசி வார்த்தை எடிட்டருடையது. ஓ'நீலே பிற்பாடு எடிட்டராக இருந்தபோது, பேட்மேனை எழுத வருபவர்களுக்கென்று ஒரு கையேடு தயாரித்துக் கொடுத்தார். பழைய கதையை மாற்ற வேண்டுமென்றால், 'அன்று உண்மையில் நடந்தது வேறு' என்று புதிய கதையில் எழுதுவார்கள். ரசிகர்கள் இதை 'ரெட்கான்' என்பார்கள். அதுவும் முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது தனி உலகம். ஸ்காட் ஸ்னைடர் 2024-ல் தொடங்கிய 'அப்சொல்யூட் பேட்மேன்' அப்படித்தான். அதில் புரூஸ் வெய்ன் கோடீஸ்வரர் இல்லை, அம்மாவும் உயிரோடு இருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் இழந்தவர் முதலில் எழுதியவர்தான். பாப் கேன் தன் பெயர் மட்டுமே வரும்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். பேட்மேன் உருவாக்கத்தில் அவர் பெயரையும் சேர்க்க டிசி 2015-ல்தான் ஒப்புக்கொண்டது.

அப்படி அவர் பெயர் தாங்கி வந்த முதல் பேட்மேன் சினிமா, 2016-ல் ஸாக் ஸ்னைடர் இயக்கிய 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்'. படத்தில் பேட்மேன் தன் விமானத்திலிருந்து மெஷின் கன்னால் ஆட்களைச் சுடுவார். 'இது பேட்மேனே இல்லை' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 1940-ல் அந்த லாரிக் காட்சி வந்த கதையை எழுதியவர் பில் ஃபிங்கர்.