சுலோச்சன முதலியார் பாலம்

சுலோச்சன முதலியார் பாலம், திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கத் தாமிரபரணி ஆற்றின் மீது கட்டப்பட்ட வளைவுப் பாலமாகும். 1843-இல் திறக்கப்பட்ட இப்பாலம் ஒரு தனிமனிதரின் பணத்தில் உருவானது.

பின்னணி

பாலம் வருமுன் இரு ஊர்களுக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகுகளே வழி. வெள்ளக் காலத்தில் போக்குவரத்து தடைபடும்; முதலில் படகேறுவதில் சச்சரவுகளும் எழும். 1840-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ஈ. பி. தாம்சன், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிப் பாலம் கட்ட முயன்றார். அப்போது ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோச்சன முதலியார், செலவைத் தாமே ஏற்க முன்வந்தார். அத்தொகை சுமார் 50,000 ரூபாய் எனக் குறிப்பிடப்படுகிறது. அவருடைய மனைவி தம் நகைகளையும் மனமுவந்து கொடுத்தார் என்பது உள்ளூர் மரபு.

அமைப்பு

ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள் கொண்ட இப்பாலத்தின் நீளம் 760 அடி. தொடக்கத்தில் அகலம் 21.5 அடி. கட்டுமானப் பணியில் பொறியாளர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லி பங்கேற்றார். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைவு, மேலேறும் பாரத்தை அழுத்தமாக மாற்றித் தூண்களுக்குக் கடத்துவதால் இரும்பின்றியே இத்தகைய பாலங்கள் நிற்கின்றன. லண்டனின் வாட்டர்லூ பாலத்தை ஒத்து இது அமைக்கப்பட்டதாகக் கூறுவர். 1817-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டது.

பிற்கால நிலை

1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. 1869 வெள்ளத்தில் சில வளைவுகள் இடிந்து, பின்னர் சீரமைக்கப்பட்டன. போக்குவரத்து பெருகியதால் 20-ஆம் நூற்றாண்டில் பாலம் அகலப்படுத்தப்பட்டது. அண்மையில் அதனருகே இணையாகப் புதிய பாலமும் எழுந்துள்ளது. 1992, 2023 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களையும் பழைய பாலம் தாங்கி நின்றது.

முக்கியத்துவம்

ஆங்கிலேயர் காலப் பாலங்கள் பலவும் ஆளுநர்கள், அதிகாரிகள் பெயரைத் தாங்கியவை. ஆட்சியரின் கீழ் வேலை பார்த்த ஓர் உள்ளூர் அலுவலரின் பெயரை இப்பாலம் இன்றும் தாங்குகிறது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தை அடுத்தே அது நிற்கிறது. நாள்தோறும் அதைக் கடப்பவர்கள் பேருந்து நிறுத்தத்தின் பெயர்போல அவர் பெயரைச் சொல்கிறார்கள். அதன் பின்னுள்ள கொடையை அறிந்தவர்கள் குறைவு.