குறியீடு யாருடைய கைக்கு வருகிறது?

எட்டியாந்தோட்டைப் பக்கம் நான் பிறந்த இறப்பர் தோட்டத்தில் கைத்தொலைபேசிக்குக் கவரேஜ் கிடைக்கும் இடம் கோயில் வளைவுதான். லயன்கள் பள்ளத்தில் இருக்கின்றன. கூரைக்கு மேல் ரவுட்டர் கட்டிய ஒரு வீட்டில் வைஃபை உண்டு. ஆனால், சிம்முக்கு வரவேண்டிய குறுஞ்செய்தி பெரும்பாலான தொலைபேசிகளில் வைஃபை வழியாக வருவதில்லை. ஜிமெயில் திறக்க, முகநூலுக்குள் போக, வட்ஸ்அப்பைப் புதுத் தொலைபேசிக்கு மாற்ற ஆறு இலக்கக் குறியீடு ஒன்று கேட்கும். அதை எடுக்கத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி, திரும்பி வருவதற்குள் அது காலாவதியாகிவிடும்.

இந்தக் கஷ்டத்துக்குச் சுலபமான வழி என்று நினைத்து, 2018 இல் நான் ஒரு தவறு செய்தேன்.

1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு மாமா குடும்பம் எங்கள் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தாக்குதல்கள் நடந்தபோது இன்னும் பல குடும்பங்கள் அப்படிப் போயின. உயிரைக் காப்பாற்ற வன்னிக்குப் போனவர்கள் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடக்கவேண்டி வந்தது. மாமாவின் மூத்த மகன் அந்த மே மாதத்தில் காணாமல் போனார். அவருடைய தங்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கையிலிருந்த படங்களையும் கடிதங்களையும் பத்திரமாக ஓரிடத்தில் போட்டுத் தரச் சொன்னாள். நான் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்தேன். குறியீடு வரவில்லை. இலவசமாகக் குறுஞ்செய்தி பெறலாம் என்று சொன்ன ஓர் இணையப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு இலக்கம் ஒன்றை எடுத்துப் போட்டேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய தொலைபேசி உடைந்தது. புதுத் தொலைபேசியில் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போட்டாள். ஆனால், பதிவு செய்த இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அந்த இலக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே இல்லை. “அண்ணாட படம் அதுக்குள்ளதானே இருக்கு” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விண்ணப்பம் ஒன்றுக்காகப் பிரதி எடுத்து வைத்திருந்த ஒரேயொரு படம்தான் மிஞ்சியது.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் அதே வழியைப் பற்றிக் கேட்கிறார்கள். அதனால்தான், பட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

குறியீடு வரும் வழி

நீங்கள் ஒரு கணக்குத் திறக்கும்போது அந்த நிறுவனம் குறியீட்டை ஓர் இடைத்தரகு நிறுவனத்திடம் கொடுக்கும். அது உங்கள் இலக்கத்துக்குரிய தொலைபேசி நிறுவனத்துக்கு அனுப்பும். தொலைபேசி நிறுவனம் உங்கள் சிம் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்று பார்த்து அனுப்பும். கவரேஜ் இல்லாவிட்டால் செய்தி தொலைபேசி நிறுவனத்திடமே காத்திருக்கும். நீங்கள் மேட்டுக்கு ஏறியதும் நான்கைந்து செய்திகள் ஒன்றாக வந்து விழுவது இதனால்தான். அப்படி வருபவற்றில் கடைசியாகக் கேட்டதுதான் பெரும்பாலும் செல்லுபடியாகும். திரும்பத் திரும்ப அழுத்தினால் குழப்பம்தான் கூடும்.

‘வேர்ச்சுவல் நம்பர்’ என்று இளைஞர்கள் சொல்லும் மெய்நிகர் இலக்கத்துக்குச் சிம்மும் இல்லை, கோபுரமும் இல்லை. அது ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும் இலக்கம். வரும் குறுஞ்செய்தி இணையப் பக்கத்திலோ செயலியிலோ தெரியும். வைஃபை இருந்தால் போதும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதமாகத் தெரிவதில் வியப்பில்லை.

மூன்று வகை

முதலாவது, நான் பயன்படுத்திய இலவசப் பொது இலக்கம். அதற்கு வரும் செய்தியை உலகத்தில் யாரும் திறந்து வாசிக்கலாம். இன்று உங்களுக்குக் குறியீடு வந்த அதே பக்கத்தில், நாளை வேறொருவர் “கடவுச்சொல் மறந்துவிட்டது” என்று அழுத்தி உங்கள் கணக்குக்குள் போகலாம். இது வாசலில் சாவியைத் தொங்கவிட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.

இரண்டாவது, ஒரு தடவைக்குக் காசு கொடுத்து எடுப்பது. சில நிமிடங்களுக்கு இலக்கம் உங்களுடையது. பிறகு இன்னொருவருக்குப் போகும். கணக்குத் திறக்கலாம், ஆனால் மீட்க முடியாது.

மூன்றாவது, மாத வாடகைக்கு எடுப்பது. வாடகை கட்டும்வரை இலக்கம் உங்களுடையது. கட்டத் தவறினால் அல்லது நிறுவனம் மூடினால் போய்விடும். பெரிய நிறுவனம் என்றால் மூடாது என்றும் இருக்க முடியாது. புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் பல வருடம் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல சேவைகள் இந்த இலக்கங்களை அடையாளம் கண்டு மறுத்துவிடுகின்றன. இணைய அழைப்பு இலக்கங்களை வட்ஸ்அப் பதிவுக்கு ஏற்பதில்லை. அமெரிக்காவின் தர நிர்ணயத் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், 2017 இல் வெளியிட்ட அடையாள வழிகாட்டியில், இணைய அழைப்பு இலக்கத்தை இத்தகைய உறுதிப்படுத்தலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்றது. குறிப்பிட்ட ஒரு கருவி உங்கள் கையில் இருக்கிறது என்பதை அது நிரூபிப்பதில்லை என்பதே காரணம். சாதாரணக் குறுஞ்செய்தியைக்கூட அதே வழிகாட்டி மட்டுப்படுத்தப்பட்ட முறைகளுக்குள்தான் வைத்தது.

இலக்கத்தை மறைத்தால் ஆள் மறைவதில்லை

வடக்கு கிழக்கு உறவுகள் சிலர் வேறு காரணத்துக்காக இதைத் தேடுகிறார்கள். தேசிய அடையாள அட்டையோடு பதிந்த சிம்மைக் கொடுக்கப் பயம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுகளுக்காகவும் ஆட்கள் கைதான நாட்டில் அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால், மெய்நிகர் இலக்கம் மறைப்பது கொஞ்சம்தான். உங்களோடு பேசுபவருக்கு உங்கள் சொந்த இலக்கம் தெரியாது, அவ்வளவுதான். இலக்கத்தை விற்ற நிறுவனத்துக்கு நீங்கள் காசு கட்டிய அட்டையும் இணைய முகவரியும் தெரியும். உங்களுக்கு வரும் ஒவ்வொரு குறியீட்டையும் அது வாசிக்கலாம்.

குறியீடு நடுவழியில் களவு போவது கதையல்ல. 2016 இல் ஈரானில் செயற்பாட்டாளர்கள், ஊடகவியலாளர்கள் சிலரின் டெலிகிராம் கணக்குகள் குறுஞ்செய்திக் குறியீட்டை இடைமறித்துக் கைப்பற்றப்பட்டதை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 2022 ஓகஸ்டில் ட்விலியோ என்ற இடைத்தரகு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்களால், சிக்னல் செயலியின் ஏறத்தாழ 1,900 பயனாளர்களின் இலக்கங்களோ குறியீடுகளோ தெரிந்திருக்கக்கூடும் என்று சிக்னல் அறிவித்தது. சொந்தச் சிம்முக்கே இந்த ஆபத்து இருக்கும்போது, இடையில் முகம் தெரியாத இன்னொருவரையும் சேர்ப்பது நல்லதல்ல.

இலக்கத்தை மற்றவர்களுக்குக் காட்டாமல் பேசவேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. டெலிகிராமிலும், 2024 இலிருந்து சிக்னல் செயலியிலும் பயனர்பெயர் வைத்துக்கொண்டு இலக்கத்தை மறைக்கலாம்.

தன் பெயரில் ஒரு சிம்

தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடைக்காரர் பெயரில், அயல்வீட்டார் பெயரில், எப்போதோ வேலை செய்து போன மேற்பார்வையாளர் பெயரில் சிம் இருக்கும். இதற்குப் பின்னால் பழைய வரலாறு இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை எடுக்கச் சிரமப்பட்ட பெரியவர்கள், கிடைத்த சிம்மைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அது தொலைந்தால் அதே இலக்கத்தில் இன்னொன்று எடுக்க முடியும். அடையாள அட்டை இருந்தால் முதல் வேலையாக இலக்கத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நீண்ட நாள் பயன்படுத்தாத இலக்கத்தை நிறுவனம் துண்டித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஆகவே, இடைக்கிடை ரீலோட் போட்டு அழைப்பு எடுத்து உயிரோடு வைத்திருங்கள்.

கவரேஜ் இல்லாத இடத்துக்கு ஏற்ற வழி

எங்கள் லயனுக்குச் சரியாகப் பொருந்தும் வழி, ‘கூகுள் ஒதென்டிகேட்டர்’ போன்ற குறியீட்டுச் செயலிதான். கணக்கின் பாதுகாப்பு அமைப்பில் ஒருமுறை கியூஆர் படத்தைக் காட்டிப் பதிந்தால், அந்தக் கணக்குக்கென ஓர் இரகசியம் உங்கள் தொலைபேசியில் தங்கிவிடும். அதையும் அந்த நேரத்தையும் வைத்து, 30 வினாடிக்கு ஒருமுறை புதுக் குறியீட்டைத் தொலைபேசியே கணக்கிடும். கவரேஜ் வேண்டாம், இணையமும் வேண்டாம். தொலைபேசியின் நேரம் மட்டும் சரியாக இருக்கவேண்டும். 2011 இல் பொதுத் தரமாக்கப்பட்ட முறை இது. கூகுள், முகநூல் இரண்டிலும் வேலை செய்யும்.

தொலைபேசி உடைந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் மீட்புக் குறியீடுகள். கூகுள் ஒரே தடவையில் 10 குறியீடுகள் தரும். ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். அவற்றைக் கொப்பியில் எழுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பையில் வையுங்கள். இடம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் எதை விட்டாலும் அந்தப் பையை விட்டதில்லை.

வட்ஸ்அப்புக்குச் சிம் அதே தொலைபேசியில் இருக்கவேண்டியதில்லை. சிம்மைப் பழைய பொத்தான் தொலைபேசியில் போட்டு, கோயில் வளைவுக்கு வீட்டில் ஒருவரை அனுப்புங்கள். அவர் குறியீட்டோடு திரும்பி வந்து வைஃபை உள்ள தொலைபேசியில் போடலாம். உள்ளே போனதும் ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்ற இடத்தில் ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்து வையுங்கள். குறுஞ்செய்தியை யாராவது களவெடுத்தாலும் அந்த எண் இல்லாமல் உடனே கணக்குக்குள் போக முடியாது.

மெய்நிகர் இலக்கம் எதற்கு உதவும்?

ஒரு தடவை பார்த்துவிட்டு விடும் சேவைக்கு, பழைய பொருள் விற்கும் விளம்பரத்துக்கு, தெரியாதவருக்குச் சொந்த இலக்கம் கொடுக்க விருப்பமில்லாத இடத்துக்கு வாடகை இலக்கம் உதவும். அந்தக் கணக்கு நாளைக்கே போனாலும் கவலையில்லை என்று சொல்ல முடிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். வங்கி, பிரதான மின்னஞ்சல், குடும்ப வட்ஸ்அப், காணாமல் போனவர்களின் ஆவணங்கள் ஆகியவற்றுக்கு ஒருபோதும் வேண்டாம்.

ஏற்கெனவே அப்படித் திறந்திருந்தால், தொலைபேசி வேலை செய்யும்போதே மாற்றிவிடுங்கள். இன்னமும் உள்ளே இருக்கும் கணக்கில் அமைப்புகளுக்குப் போய்ச் சொந்த இலக்கம், மீட்பு மின்னஞ்சல், குறியீட்டுச் செயலி மூன்றையும் சேருங்கள். பிறகு பழைய இலக்கத்தை நீக்குங்கள். வெளியே விழுந்த பிறகு இது நடக்காது.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்காமல் குறியீடு வந்தால், யாரோ உங்கள் கதவைத் தட்டுகிறார் என்று அர்த்தம். “தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பி விடுங்கள்” என்று தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே செய்தி வரலாம். அவருடைய கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கலாம். அனுப்பவேண்டாம். கணக்குக் களவு போனால், இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்பு அணியின் 101 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

மாமா மகளுக்கு இப்போது புதுக் கணக்கு இருக்கிறது. அவள் பெயரிலுள்ள சிம், அவளுடைய கொப்பியில் பத்துக் குறியீடுகள். மிஞ்சிய அந்த ஒரு படமும் அதற்குள் இருக்கிறது. அதன் பிரதி ஒன்றை அச்சடித்துச் சட்டகம் போட்டு எங்கள் லயன் வீட்டிலும் மாட்டியிருக்கிறோம்.