வாப்பாவின் சொத்தில் எது பராயிழ்படி பிரியும், எது பிரியாது?

ஒருவர் வபாத்தானால் அவருடைய சொத்து பராயிழ்படி பிரிய வேண்டும் என்பது நம்மில் அனைவருக்கும் தெரியும். ஆனால் அவர் பெயரில் இருந்த எல்லாமே சட்டப்படி அவ்வாறு பிரிவதில்லை. வீடு ஒரு சட்டத்தால் போகும், வயல் இன்னொரு சட்டத்தால் போகும், வங்கிப் பணம் வேறொரு வழியால் போகும். இது தெரியாததால் ஒரே வாப்பாவின் பிள்ளைகள் வருடக்கணக்காக நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். வழக்கே இல்லாமல் தங்கச்சிமாரின் பங்கு சத்தமின்றிக் கரைந்துபோகும் குடும்பங்கள் அதைவிட அதிகம்.

அடிப்படைச் சட்டம் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் இறங்குரிமைக் கட்டளைச் சட்டம். மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படி பிரியும் என்று அது கூறுகிறது. இலங்கையில் பெரும்பாலானோருக்கு அது ஷாபிஈ மத்ஹப். யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. கணக்கை ஷரீஆ நூல்களிலிருந்தே எடுக்க வேண்டும்.

பங்கு பிரிப்பதற்கு முன் ஜனாஸாச் செலவும் கடனும் கழிய வேண்டும். கடன் என்றதும் கடைக்காரனையும் வங்கியையும் நினைக்கிறோம், வீட்டுக்குள் இருக்கும் கடனை மறந்துவிடுகிறோம். கொடுக்காமல் விட்ட மஹர் மனைவிக்குரிய கடன். அதேபோல் கைக்கூலி: முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதை மணமகளின் பாவனைக்காக மணமகனிடம் கொடுக்கப்பட்டது என்றே வரையறுக்கிறது. விவாகப் பதிவில் அந்தத் தொகை எழுதப்பட்டிருந்தால் அதுவும் மனைவியுடையது. அவளது எட்டில் ஒரு பங்கைப் பற்றிப் பேச உட்காருவதற்கு முன் இவ்விரண்டையும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். எத்தனை குடும்பங்கள் விவாகப் பதிவைத் திறந்து பார்க்கின்றன?

கடன் கழிந்து 96 பேர்ச் காணி மீதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறந்தவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு பெண்மக்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 12 பேர்ச். தாய்க்கு ஆறில் ஒன்று, 16 பேர்ச். மீதி 68 இல் மகனுக்கு 34, பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 17. உம்மம்மா, வாப்பும்மா என்று வீட்டின் மூலையில் இருக்கும் மூதாட்டிகளின் பங்குதான் இதில் அடிக்கடி விடுபடுகிறது. இறந்த மகனின் சொத்தில் தாய்க்குப் பங்குண்டு என்பதைச் சொன்னால் சில வீடுகளில் ஆச்சரியப்படுகிறார்கள்.

ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் கணக்கு வேறு. மனைவி, இரண்டு பெண்மக்கள், இறந்தவரின் கூடப்பிறந்த ஒரு நானா என்றால், 24 பங்கில் மனைவிக்கு 3, பெண்மக்களுக்கு 16, நானாவுக்கு 5. பெண்மக்களை மட்டும் பெற்றவர்கள் இந்த 5 ஐ நினைத்துத்தான் உறுதி எழுத ஓடுகிறார்கள். அந்த அச்சம் விளங்கக்கூடியதே. ஆனாலும் எந்த உறுதி என்பதில் கவனம் வேண்டும்.

மரணசாசனம்

1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மரணசாசனம் எழுதுபவருக்கு முழுச் சுதந்திரம் தருகிறது. 1931 ஆம் ஆண்டுச் சட்டம் சாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தை மட்டுமே தொடுவதால், ஒரு முஸ்லிம் தன் முழுச் சொத்தையும் ஒருவருக்கே எழுதினாலும் நீதிமன்றம் அதை ஏற்கும். மார்க்கத்தின் நிலை வேறு. மூன்றில் ஒன்றுக்கு மேல் வசிய்யத் செய்ய முடியாது, ஏற்கனவே பங்குள்ள வாரிசுக்கு மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி வசிய்யத் இல்லை. இந்த எல்லையை நாட்டுச் சட்டம் காவல் காப்பதில்லை. எழுதுபவரின் ஈமானே காக்க வேண்டும்.

அதற்காக மரணசாசனமே வேண்டாம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. வாப்பாவுக்கு முன்னே மகன் இறந்துவிட்டால், அந்த மகனின் பிள்ளைகள் சாச்சாமார் உயிருடன் இருக்கும்போது அப்பாவின் சொத்தில் வாரிசாக மாட்டார்கள். யத்தீம்களான அந்தப் பேரப்பிள்ளைகளுக்காக மூன்றில் ஒன்றுக்குள் வசிய்யத் எழுதும் கதவு திறந்தே இருக்கிறது. எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் அவ்வாறே. நம் ஊர்களில் இந்தக் கதவை ஏன் இவ்வளவு குறைவாகத் திறக்கிறோம் என்பது எனக்கு விளங்காத விடயம்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். பள்ளிவாசல் கடிதத் தலைப்பில் எழுதி இருவர் ஒப்பமிட்ட தாள் மனச்சாட்சிக்குப் போதுமாக இருக்கலாம், மாவட்ட நீதிமன்றத்தில் செல்லாது.

நன்கொடை உறுதியும் சீதன வீடும்

கிழக்கில் மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடு எழுதப்படுகிறது. பெரும்பாலும் அதுவே குடும்பத்தின் மிகப் பெறுமதியான சொத்து. இதில் இரண்டு வகை உறுதிகள் உண்டு, இரண்டுக்கும் வெவ்வேறு சட்டம்.

எந்த நிபந்தனையும் இன்றிக் கொடுக்கும் நன்கொடைக்கு முஸ்லிம் சட்டம் பொருந்தும். ஆனால் மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தாலன்றி அதை மீளப்பெறலாம் என்று 1931 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மகளுக்குக் கொடுத்தாயிற்று என்று நம்பியிருக்கும்போது, ஒரு மனக்கசப்பில் வாப்பா உறுதியை இரத்துச் செய்துவிட இதில் இடமிருக்கிறது. இரண்டாவது வகை, பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு கொடுப்பது. இதற்கு உரோம டச்சுச் சட்டம் பொருந்தும். பெற்றவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்ற பின், கொடியநன்றிகேடு போன்ற காரணத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தாலன்றி எளிதில் மீட்க முடியாது. உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். அநேகர் முத்திரைச் செலவை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

சீவிய உரித்து வைக்கும்போது வாப்பாவின் பெயரை மட்டும் எழுதும் வழக்கமும் உண்டு. அவர் வபாத்தானதும் அந்த உரித்து முடிந்துவிடும். உம்மா மருமகனின் தயவில் இருக்கிறார். இருவர் பெயரையும் எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த நன்கொடைக்குச் சாட்சியாக இருக்க நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மறுத்த ஹதீஸ் நாமறிந்ததே. முதல் மகளுக்கு மாடி வீடு, மூன்றாவது மகளுக்குத் தகரக் கொட்டில் என்ற நிலை இன்று சாதாரணம். இன்னொரு பக்கம், சீதனம் கொடுத்தாயிற்று, இனி உனக்குப் பங்கில்லை என்று மகளைத் தள்ளுவதும் நடக்கிறது. வாழும்போது கொடுத்தது நன்கொடை, இறந்த பின் கிடைப்பது வாரிசுரிமை. முதலாவது இரண்டாவதை அழிப்பதில்லை.

மரண நோயில் படுத்த பின் எழுதும் நன்கொடையை ஷரீஆ வசிய்யத்தாகவே பார்க்கிறது, மூன்றில் ஒன்று என்ற எல்லையும் அதற்கு வந்துவிடும்.

வயல் காணி

அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியும் அளிப்புப் பத்திரக் காணியும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்குப் பராயிழும் செல்லாது, மரணசாசனமும் செல்லாது. உரியவர் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளியைப் பெயர் குறித்துப் பதிந்திருந்தால், வாழ்க்கைத் துணையின் சீவிய உரித்துக்குப் பின் அவருக்குப் போகும். பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் மகளுக்கு முன் மகனை வைத்திருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அம்பாறை, பொலன்னறுவை, திருகோணமலை மாவட்டங்களில் எத்தனையோ முஸ்லிம் விவசாயக் குடும்பங்களின் முதுசம் இத்தகைய காணிதான். பின்னுரித்தாளியாகப் பதியப்பட்ட பிள்ளை மார்க்கப்படி மற்றவர்களுக்கும் பங்கு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கலாம், ஆனால் அதைக் கட்டாயப்படுத்த நீதிமன்றம் வராது. ஆகவே வாப்பா உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசி, மற்றவர்களுக்கு வேறு சொத்தால் ஈடுசெய்துவிடுவது நல்லது.

வங்கிக் கணக்கிலும் ஊழியர் சேமலாப நிதியிலும் பெயர் குறித்தவருக்கே பணம் கொடுக்கப்படும். அவர் அதைத் தனியே வைத்துக்கொள்ள முடியாது, வாரிசுகளுக்குரிய அமானிதம் என்பதே உலமாக்களின் பொதுவான கருத்து.

கையொப்பம் கேட்டால்

இத்தாவில் இருக்கும் உம்மாவிடமும் அழுத கண்ணோடு இருக்கும் ராத்தா, தங்கச்சிமாரிடமும் காணி அலுவலுக்கு என்று சொல்லித் தாளில் ஒப்பம் வாங்குவது நடக்கிறது. வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். காணிப் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு நொத்தாரிசு உறுதி தேவை. வெற்றுத் தாள் போதாது. ஆனால் உறுதியில் ஒப்பமிட்டுவிட்டால் மீள்வது மிகக் கடினம்.

ஒருவர் இறந்த கணத்திலிருந்து வாரிசுகள் எல்லோரும் கூட்டுரிமையாளர்கள். அந்த வீட்டில் ஒரு நானா மட்டும் குடியிருப்பதால் மற்றவர்களின் உரிமை போய்விடாது. 10 வருட ஆட்சி கூட்டுரிமையாளருக்கு எதிராகத் தானாக வேலை செய்யாது என்பது 1911 இல் பிரிவி கவுன்சில் தீர்த்த விடயம். என்றாலும் மிக நீண்டகாலத் தனி அனுபவத்தை வைத்து நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்த வழக்குகளும் உண்டு. ஆகவே இருபது, முப்பது வருடம் பேசாமல் இருப்பது ஆபத்து. இணக்கம் இருந்தால் நொத்தாரிசிடம் பாகப்பிரிவினை உறுதி எழுதலாம். இல்லாவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.

காதி நீதிமன்றத்துக்கு வாரிசுச் சொத்தைப் பிரிக்கும் அதிகாரம் இல்லை. மரணசாசன வழக்கும் நிருவாகப் பத்திரமும் மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. பள்ளிவாசல் நிருவாகமோ ஊர் ஆலிமோ பங்கைக் கணக்கிட்டுத் தரலாம், இணக்கம் செய்து வைக்கலாம். அந்த இணக்கம் உறுதியாக எழுதப்பட்டு காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும்.

உறுதி தொலைந்தவர்கள், குறிப்பாக 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், காணி அமைந்திருக்கும் பிரதேசத்துக்குரிய காணிப் பதிவகத்தில் தேடலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் காணியின் பெயரையும் எல்லைகளையும் கொண்டு பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும். அந்த எல்லைகளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் புத்தளத்தில் இருக்கிறார்கள்.