முகமாலையில் நிலத்துக்கும் ஒப்பந்தக் காலம் உண்டு

வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டு அரசாங்கங்களின் நிதியில்தான் நடக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மெக் ஆகிய சர்வதேச தொண்டு நிறுவனங்களும் டாஷ், ஷார்ப் ஆகிய உள்ளூர் நிறுவனங்களும் அந்த நிதியைப் பெற்று வேலை செய்கின்றன. தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் பணிகளை ஒழுங்கமைக்கிறது. ஆனால் இந்த நிறுவனங்களின் ஊழியர்களுக்குச் சம்பளம் வருவது கொடையாளர் நாடுகளிடமிருந்து.

அந்தப் பணம் எத்தனை வருடங்களுக்கு வருகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நீண்டகாலமாக உதவிவரும் ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நிதியுதவியில், ஒரு திட்டத்தை ஒரு வருடத்துக்குள் முடிப்பதே வழக்கம். அதனால்தான் தூதரகத்தில் கைச்சாத்திடும் படங்களை நாம் வருடாவருடம் பத்திரிகைகளில் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் புதிய விண்ணப்பம், புதிய கணக்கு.

ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கத் தாமதித்தால் குழுக்கள் கலைகின்றன. பயிற்சி பெற்ற ஊழியர் வீட்டில் காத்திருக்க மாட்டார், ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடுவார். இவர்களில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர். புதியவரைச் சேர்த்தால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். காணிக்காரருக்கும் இதில் இழப்பு உண்டு. பாதி துப்புரவாக்கிய காணியை யாரும் பாதுகாப்பானது என்று கையளிக்க முடியாது.

மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒரே உடன்படிக்கை இருந்தால் ஆட்களை நிலையாக வைத்திருக்கலாம், இயந்திரங்களையும் திட்டமிட்டு வாங்கலாம். ஆனால் பல வருட நிதி என்றால் முழுத்தொகையும் முதல் நாளே வங்கியில் விழுந்துவிடாது. கொடையாளர் நாட்டின் வருடாந்த வரவுசெலவுத் திட்டம், நிறுவனத்தின் அறிக்கைகள் ஆகியவற்றைப் பார்த்தே தவணைகள் விடுவிக்கப்படும். இடைநிறுத்தும் உரிமையையும் கொடையாளர் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருப்பார். 2025 ஜனவரி 20இல் அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தியபோது, உலகின் பல நாடுகளில் அந்த நிதியில் நடந்த கண்ணிவெடியகற்றலும் நின்றது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வருடங்கள் அப்போது உதவவில்லை. ஆகவே நீண்ட ஒப்பந்தம் மட்டும் போதாது. வெவ்வேறு காலங்களில் முடியும் இரண்டு மூன்று நாடுகளின் நிதி ஒரு நிறுவனத்திடம் இருப்பதுதான் ஓரளவு பாதுகாப்பு என்பது என் கணிப்பு.

இலங்கை ஒட்டாவா சாசனத்தில் 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய கடைசி நாள் 2028 ஜூன் 1. நாடு கால நீடிப்புக் கேட்கலாம். ஆனால் நீடிப்போடு பணம் தானாக வராது. எஞ்சிய பரப்பு சுருங்கச் சுருங்க, கொடையாளருக்கு இங்கே அவசரம் இல்லை என்ற எண்ணமும் வரும். எஞ்சியிருக்கும் துண்டுகளில் முகமாலை போன்ற, இரு தரப்பும் வருடக்கணக்கில் முன்னரங்காக வைத்திருந்த, செறிவாக வெடி புதைந்த நிலங்களும் உண்டு.

உங்கள் காணி இன்னும் சிவப்புப் பலகைக்குப் பின்னால் இருந்தால், பிரதேச செயலகத்தில் எப்போது விடுவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அங்கே எந்த நிறுவனம் வேலை செய்கிறது, எந்த நாட்டின் நிதி, அந்த ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்பதையும் கேளுங்கள்.