இலை திருப்பித் தரும் ஒளி

நெல் வயலின் வரப்பில் நின்றபடியே, "பயிர் வெளுத்திருக்கிறது, தழைச்சத்து போதவில்லை" என்று உழவர் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். அவர் இலையைக் கிள்ளவில்லை, அரைத்துச் சோதிக்கவும் இல்லை. இலையிலிருந்து திரும்பி வந்த ஒளியைக் கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான். இந்த வேலையைக் கணக்காகச் செய்ய விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைப் பார்ப்போமா?

இலைமேல் விழும் ஒளியில் ஒரு பகுதி உறிஞ்சப்படுகிறது. ஒரு பகுதி ஊடுருவிச் செல்கிறது. எஞ்சியது திரும்பி வருகிறது. இலையிலுள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் பெருமளவில் உறிஞ்சிக்கொள்ளும். பச்சை ஒளியில் மட்டும் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் திரும்பி வருகிறது. அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆகவே, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இலை எதை வைத்துக்கொண்டது என்று அறியலாம் அல்லவா?

1910இல் அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்த புகைப்படங்களை வெளியிட்டார். அவற்றில் மரங்கள் பனி மூடியவை போல வெண்மையாக நின்றன! பச்சையம் இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. சரி, இவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புவது எது?

பச்சையத்தை ஆராய்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டாட்டரும் அவருடன் பணியாற்றிய ஆர்தர் ஸ்டோலும், இலைக்குள் ஒளி சிதறும் விதத்தை 1918இல் விளக்கினர். தண்ணீருக்கு நிறமில்லை; நுரையோ வெண்மையாக இருக்கிறது. நீரும் காற்றும் சந்திக்கும் எண்ணற்ற பரப்புகளில் ஒளி திரும்பத் திரும்பச் சிதறுவதே காரணம். இலைக்குள்ளும் செல்களுக்கிடையே காற்று நிறைந்த இடைவெளிகள் இருக்கின்றன. அந்த இடைவெளிகளில் நீரை ஏற்றியபோது பிரதிபலிப்பு குறைந்ததைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. எனவே அகச்சிவப்பு ஒளி இலையின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுகிறது. சிவப்பு ஒளி பச்சையத்தைப் பற்றிப் பேசுகிறது.

ஆயினும் பச்சையத்தை அளக்க, இலையை அசிட்டோனில் அரைத்துச் சாறெடுக்கும் முறையே நெடுங்காலம் வழங்கி வந்தது. டேனியல் ஆர்னன் 1949இல் வெளியிட்ட வாய்பாடு இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. முறை துல்லியமானதுதான். ஆனால் இன்று அரைத்த இலையை நாளை மறுபடி அளக்க முடியாது! ஒரு வயல் முழுவதையும் அரைத்துப் பார்க்கவும் இயலாது.

1956இல் கலிபோர்னியாவின் ராபர்ட் கால்வெல், விமானத்திலிருந்து எடுத்த அகச்சிவப்புப் படங்களைக் கொண்டு தானியப் பயிர்களின் நோய்களைக் கண்டறியலாம் என்று காட்டினார். நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் 1970ஐ ஒட்டி இத்தகைய முயற்சி நடந்தது. பி. ஆர். பிஷரோட்டியின் தலைமையில், வேர்வாடல் நோய் தாக்கிய தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து படமெடுத்தனர். இந்தியாவில் தொலையுணர்வு ஆய்வு இப்படித்தான் தென்னையில் தொடங்கியது.

படம் நோயைக் காட்டும், அளவைச் சொல்லாது. அளவுக்குக் கணிதம் வேண்டும். 1969இல் அமெரிக்காவில் வில்லியம் ஆலனும் அவருடைய குழுவினரும் இலையை ஒளி ஊடுருவும் ஒரு தகடாகக் கருதிக் கணக்கிட்டனர். அந்தக் கருத்தை வளர்த்து, பிரான்சின் ஸ்டெஃபான் ஜாக்மோவும் ஃபிரடெரிக் பாரேயும் 1990இல் 'பிராஸ்பெக்ட்' என்னும் கணித மாதிரியை வெளியிட்டனர். உள்ளமைப்பு, பச்சையம், நீர் ஆகிய மூன்றையும் கொடுத்தால், 400 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான ஒளியில் இலை எவ்வளவைத் திருப்பும் என்று அது கணக்கிட்டது. கணக்கைத் தலைகீழாகப் போட்டால், அளந்த ஒளியிலிருந்து அந்த மூன்றையும் மதிப்பிடலாம். இலை செடியிலேயே இருக்கும்!

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேறுபட்ட இரண்டு இலைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஒளியைத் திருப்பக்கூடும். மேலும், பச்சையம் குறைந்திருக்கிறது என்று ஒளி சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது. தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, நோயா? காரணம் தெரியாமல் யூரியாவைக் கொட்டினால் பணமும் போகும், பயிரும் தேறாது. விடை காண மண்ணையும் வேரையும் பார்க்கத்தான் வேண்டும்.

நெல் உழவர்கள் பயன்படுத்தும் இலை வண்ண அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? இலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டுத் தழைச்சத்தின் தேவையை அறிவார்கள். அப்போது வெயில் நேராக விழாதபடி தம் உடலால் நிழல் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். அளக்கப்படுவது திரும்பி வரும் ஒளி. விழும் ஒளி மாறினால் கணக்கும் மாறிவிடும்.